வேலையில் எது முக்கியம்? ஊழியர்கள் போடும் வரிசையை எவ்வளவு நம்பலாம்

ஊழியர்களுக்குச் சம்பளத்தைவிட மரியாதைதான் முக்கியம் என்று ஒரு கருத்துக்கணிப்பு சொல்கிறது. கொஞ்ச நாளில் இன்னொன்று வந்து, வேலை மாறுகிறவர்கள் முதலில் பார்ப்பது சம்பளத்தைத்தான் என்கிறது. படிப்பவர்களுக்குக் குழப்பம் வருவது இயல்பு. இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும்.

இரண்டுமே ஒழுங்காக நடத்தப்பட்டவையாக இருக்கலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சம்பளம், பாதுகாப்பு, பதவி உயர்வு, பாராட்டு போன்ற பலன்களை ஒருவர் தன் மனத்துக்குள் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார், கேட்டால் எடுத்துச் சொல்வார் என்று இந்தக் கணிப்புகள் எடுத்துக்கொள்கின்றன. அவற்றுக்கு அடிப்படையான உளவியல் கோட்பாடுகளும் அப்படியே எடுத்துக்கொள்கின்றன. அந்த வரிசை எவ்வளவு உறுதியானது? ஆராய்ச்சிகளை வைத்துப் பார்த்தால், ஒரே நேரத்தில், ஒரே விதமாகக் கேட்டால் பெரும்பாலோரின் வரிசை ஓரளவு முரணில்லாமல் இருக்கிறது. கேட்கும் விதத்தை மாற்றினால்தான் ஆட்டம் காண்கிறது. அதை அடியிலிருந்து பார்ப்போம்.

வரிசை எந்தக் கோட்பாட்டில் இருக்கிறது?

பணி ஊக்கக் கோட்பாடுகள் நிறைய உண்டு. வரிசை என்ற கண்ணோட்டத்தில் மூன்று முக்கியம்.

1. ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் முன்வைத்த தேவைகளின் படிநிலை. உடல் தேவைகள், பாதுகாப்பு, அன்பும் உறவும், மதிப்பு, தன் திறமையை முழுமையாக வெளிப்படுத்துதல் என்று கீழிருந்து மேலாக ஐந்து படிகள். இங்கே வரிசை ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். சிலரிடம் அது தலைகீழாகவும் இருக்கும் என்று மாஸ்லோவே எழுதியிருக்கிறார். பாடப்புத்தகங்களில் அந்தப் பகுதி பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது. மஹ்மூத் வஹ்பாவும் லாரன்ஸ் பிரிட்வெல்லும் 1976இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அந்தப் படிவரிசைக்கு ஆதரவு சொற்பமாகவே கிடைத்தது.

2. ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க்கும் அவர் கூட்டாளிகளும் 1959இல் வெளியிட்ட இருகாரணிக் கோட்பாடு. பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் சந்தித்து, வேலையில் மிக நன்றாக உணர்ந்த தருணத்தையும் மிக மோசமாக உணர்ந்த தருணத்தையும் சொல்லச் சொன்னார்கள். யாரையும் வரிசை போடச் சொல்லவில்லை. ஆனாலும் சாதனை, பாராட்டு, வேலையின் தன்மை ஆகியவை ஊக்கம் தருபவை, சம்பளமும் பணிச்சூழலும் அதிருப்தியைத் தடுப்பவை மட்டுமே என்ற பிரிவினை, நடைமுறையில் ஒரு தரவரிசையாகவே படிக்கப்பட்டது.

3. விக்டர் வ்ரூம் 1964இல் முன்வைத்த எதிர்பார்ப்புக் கோட்பாடு. வரிசையின் மேல் அதிகப் பாரம் ஏற்றுவது இதுதான்.

வ்ரூமின் கணக்கு எளிமையானது. ஒருவர் ஒரு வேலையில் எவ்வளவு முனைவார் என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது. முயன்றால் நன்றாகச் செய்ய முடியுமா என்ற நம்பிக்கை ஒன்று. நன்றாகச் செய்தால் பலன் கிடைக்குமா என்ற நம்பிக்கை இரண்டாவது. அந்தப் பலன் தனக்கு எவ்வளவு வேண்டியது என்பது மூன்றாவது. இதை இங்கே ஈர்ப்பு மதிப்பு என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்க வேண்டும். வேண்டாத பலனுக்கு ஈர்ப்பு மதிப்பு எதிர்மறை எண்ணாகவும், எப்படியும் பரவாயில்லை என்று நினைக்கும் பலனுக்குச் சுழியமாகவும் இருக்கும்.

மாஸ்லோவைப் போல எல்லோருக்கும் ஒரே வரிசை என்று வ்ரூம் சொல்லவில்லை. ஆளுக்கு ஆள் வேறுபடலாம். ஆனால் ஒவ்வொருவரிடமும் முரணில்லாத ஒரு வரிசை இருந்தாக வேண்டும். அது இல்லையென்றால் பெருக்குவதற்கே எண் கிடைக்காது.

சீரான வரிசை என்றால் என்ன?

'சீராக இருக்கிறது' என்று சொல்லும்போது மூன்று வேறுபட்ட விஷயங்களைச் சொல்லலாம். இவற்றைக் கலந்துவிடுவதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

1. உள்முரண் இல்லாமை. பாதுகாப்பைவிடச் சம்பளம் மேல், பாராட்டைவிடப் பாதுகாப்பு மேல் என்றால், பாராட்டைவிடச் சம்பளம் மேலாக இருக்க வேண்டும். கணிதத்தில் இதைக் கடப்புத் தன்மை என்பார்கள். ஒருவர் மூன்றாவது கேள்விக்கு 'பாராட்டுதான்' என்று சொன்னால் அவர் விருப்பம் வட்டமடிக்கிறது. முதலும் கடைசியும் இல்லாமல் போகிறது.

2. காலத்தால் மாறாமை. இன்று கேட்டதை அடுத்த மாதம் கேட்டாலும் அதே பதில் வருகிறதா?

3. முறையால் மாறாமை. வரிசைப்படுத்தச் சொன்னாலும், மதிப்பெண் போடச் சொன்னாலும், இரண்டு வேலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் அதே விருப்பம்தான் வெளிப்படுகிறதா?

முதல் வகையில் மக்கள் தேறிவிடுகிறார்கள் என்று சொல்லலாம். இரண்டாவதில் பலவீனம் உண்டு, ஆனால் அதைப் புரிந்துகொள்வது எளிது: கையில் குழந்தை இருக்கும்போது முக்கியமாகத் தெரிகிற வேலைநேரம், பிள்ளை வளர்ந்ததும் பின்னுக்குப் போவதை யாரும் முரண்பாடு என்று சொல்ல மாட்டார்கள். உண்மையான தகராறு மூன்றாவதில்தான்.

முரண்பாட்டை எப்படி எண்ணுவது?

'கீழ்க்கண்ட பத்துப் பலன்களை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்துங்கள்' என்று கேட்டால் உள்முரண் வெளியே தெரியவே தெரியாது. கேள்வியின் வடிவமே ஒரு நேர்வரிசையைக் கட்டாயப்படுத்துகிறது. மனத்துக்குள் விருப்பம் வட்டமடித்தாலும், தாளில் 1, 2, 3 என்றுதான் எழுத முடியும். செய்தியில் வரும் தரவரிசைகள் பெரும்பாலும் இப்படி எடுக்கப்பட்டவை என்பதை நினைவில் வைக்க வேண்டும். அவை சீராகத் தெரிவதற்கு, மக்கள் சீராக இருப்பது காரணம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

முரணைப் பார்க்க வேண்டுமானால் இரண்டிரண்டாகக் கேட்க வேண்டும். இந்த முறைக்கு லூயிஸ் தர்ஸ்டன் 1927இல் அடித்தளம் போட்டார். விடைகளில் எத்தனை வட்டங்கள் இருக்கின்றன என்று எண்ணி அதை ஒரு குறியீடாக மாற்றும் வழியை மாரிஸ் கெண்டலும் பெர்னார்ட் பாபிங்டன் ஸ்மித்தும் 1940இல் கொடுத்தார்கள். வட்டமே இல்லையென்றால் 1. இருக்கக்கூடிய அதிகபட்ச வட்டங்களும் இருந்தால் 0.

ஒரு கற்பனை உதாரணம். ஐந்து பலன்கள்: சம்பளம், பாதுகாப்பு, பதவி உயர்வு, பாராட்டு, சொந்தமாக முடிவெடுக்கும் உரிமை. இரண்டிரண்டாகச் சேர்த்தால் பத்துக் கேள்விகள். ஒருவர் இப்படிப் பதில் சொல்கிறார்:

- சம்பளம் மற்ற நான்கையும் வெல்கிறது.
- பாதுகாப்பு, பதவி உயர்வையும் பாராட்டையும் வெல்கிறது.
- பதவி உயர்வு, பாராட்டையும் முடிவெடுக்கும் உரிமையையும் வெல்கிறது.
- பாராட்டு, முடிவெடுக்கும் உரிமையை வெல்கிறது.
- முடிவெடுக்கும் உரிமை, பாதுகாப்பை வெல்கிறது.

கடைசி வரிதான் இடிக்கிறது. பதவி உயர்வைவிடப் பாதுகாப்பு மேல், முடிவெடுக்கும் உரிமையைவிடப் பதவி உயர்வு மேல், ஆனால் பாதுகாப்பைவிட முடிவெடுக்கும் உரிமை மேல். இது ஒரு வட்டம். பாதுகாப்பு, பாராட்டு, முடிவெடுக்கும் உரிமை ஆகிய மூன்றுக்கும் இடையே இன்னொரு வட்டம். ஐந்து பலன்களில் அதிகபட்சம் ஐந்து வட்டங்கள்தான் வர முடியும். இவருக்கு இரண்டு வந்திருப்பதால் குறியீடு 0.6.

பத்துப் பதில்களில் ஒன்பது ஒரே நேர்வரிசையில் ஒழுங்காக நிற்கின்றன. ஒரே ஒரு பதில் திரும்பியதில் குறியீடு 1இலிருந்து 0.6க்கு இறங்கிவிட்டது. ஆக, குறியீடு குறைந்தவர் எல்லோரும் குழம்பியவர் என்று முடிவு கட்டக் கூடாது. எதிர்ப்பக்கம் இன்னொரு எச்சரிக்கை: பத்துப் பலன்களை வைத்து, நாணயத்தைச் சுண்டிப் பதில் சொன்னால்கூடச் சராசரியாக 0.25 கிடைக்கும். பத்தில் மூன்று மூன்றாக 120 கூட்டுகள் அமைகின்றன; அவற்றில் கால் பங்கு, அதாவது 30, தற்செயலாகவே வட்டமாகும்; அதிகபட்சம் 40. எனவே 0.3, 0.4 என்று வருவதை 'ஓரளவு சீர்' என்று எழுதுவது சரியல்ல.

வட்டம் ஏன் விழுகிறது?

முதல் காரணம் சாதாரணமானது. இரண்டு பலன்கள் ஏறக்குறைய சமமாக இருந்தால் எதைச் சொன்னாலும் ஒன்றுதான். ஒருமுறை இது, மறுமுறை அது என்று வரும். பிழை, கவனக்குறைவு, சலிப்பு இவையும் சேரும்.

இரண்டாவது காரணம் சுவாரஸ்யமானது. கென்னத் மே 1954இல் 62 கல்லூரி மாணவர்களிடம் கற்பனையான மூன்று வரன்களைக் காட்டினார். அறிவு, அழகு, செல்வம் மூன்றிலும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நிலையில் இருந்தார்கள். இரண்டிரண்டாகக் கேட்டபோது 17 பேரின் விருப்பம் வட்டமடித்தது. அந்த மாணவர்களைக் குழப்பவாதிகள் என்று ஒதுக்க முடியாது. ஒவ்வொரு ஜோடியிலும் எந்தெந்த அம்சங்களில் யார் மேல் என்று பார்த்து, அதிக அம்சங்களில் முந்துகிறவரைத் தேர்ந்தெடுத்தால் வட்டம் தானாக வந்துவிடும். விதி தெளிவானது, விளைவுதான் முரண்.

ஆமோஸ் ட்வெர்ஸ்கி 1969இல் இன்னொரு வழியைக் காட்டினார். ஐந்து சூதாட்டங்கள்: முதலாவதில் வெற்றி வாய்ப்பு 24இல் 7, பரிசு 5 டாலர். அடுத்தடுத்ததில் வாய்ப்பு 24இல் 1 கூடும், பரிசு கால் டாலர் குறையும். பக்கத்தில் பக்கத்தில் இருப்பவற்றை ஒப்பிடும்போது வாய்ப்பில் உள்ள வித்தியாசம் கண்ணுக்குப் படுவதில்லை. பரிசு அதிகமானதை எடுக்கிறார்கள். முதலையும் கடைசியையும் ஒப்பிடும்போது 7க்கும் 11க்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. உடனே வாய்ப்பு அதிகமானதை எடுக்கிறார்கள். வேலைக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். ஒவ்வொரு வாய்ப்பிலும் சம்பளம் கொஞ்சம் கூடி, வேலையின் தரம் மிகக் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போனால், படிப்படியாக மாறி மாறிப் போகிறவர், முதல் வேலையோடு ஒப்பிட்டால் ஏற்றிருக்கவே மாட்டாத ஒரு வேலையில் போய் நிற்பார்.

அப்படியானால் கோட்பாடு விழுந்துவிட்டதா? அவ்வளவு அவசரம் வேண்டாம். ட்வெர்ஸ்கி 18 பேரைச் சோதித்து, அந்தப் போக்கு தெரிந்த 8 பேரைத்தான் முக்கியச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். மிஷெல் ரெகன்வெட்டரும் கூட்டாளிகளும் 2011இல் இந்த வகைத் தரவுகளை மறுபடி ஆராய்ந்து, பெரும்பாலானவற்றை வேறு விதமாக விளக்கலாம் என்று காட்டினார்கள்: ஒருவர் ஒவ்வொரு முறையும் ஒரு நேர்வரிசையை வைத்துத்தான் பதில் சொல்கிறார், ஆனால் அந்த வரிசை முறைக்கு முறை கொஞ்சம் மாறுகிறது. அதாவது மனம் வட்டமாக யோசிக்கவில்லை, தடுமாறுகிறது. பணி ஊக்கத்தைப் பொறுத்தவரை இந்த விளக்கமே நம்பத்தக்கது என்பது என் கணிப்பு. உள்முரண் இருக்கிறது, ஆனால் எதிர்பார்ப்புக் கோட்பாட்டைக் கவிழ்க்கும் அளவுக்கு இல்லை.

கேள்வி மாறினால் பதிலும் மாறுகிறது

பெரிய சேதம் இங்கேதான். கிளிஃபர்ட் ஜர்கன்சன் என்ற உளவியலாளர், மினியாபோலிஸ் எரிவாயு நிறுவனத்தில் வேலைக்கு விண்ணப்பித்தவர்களிடம் 30 ஆண்டுகள் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்துவந்தார். 56,000க்கும் மேற்பட்டவர்கள் பத்து அம்சங்களை வரிசைப்படுத்தினார்கள். 1978இல் முடிவுகள் வந்தன. ஆண்கள் பாதுகாப்பை முதலிலும் பெண்கள் வேலையின் வகையை முதலிலும் வைத்தார்கள். சம்பளம் ஆண்களிடம் ஐந்தாவது, பெண்களிடம் ஏழாவது.

அதே தாளில் இன்னொரு கேள்வியும் இருந்தது: உங்களைப் போன்றவர்கள், அதாவது உங்கள் வயதும் படிப்பும் உள்ளவர்கள், எப்படி வரிசைப்படுத்துவார்கள்? இங்கே சம்பளம் முதலிடத்துக்கு ஏறிவிட்டது. 'எனக்குப் பணம் பெரிதில்லை, மற்றவர்களுக்குத்தான்' என்று எல்லோரும் சொன்னால் கணக்கு இடிக்கிறது. தன்னைப் பற்றிச் சொல்லும்போது பணத்தைக் கீழே தள்ளுவது பார்வைக்கு நன்றாக இருக்கும் என்ற நினைப்பு இதில் வேலை செய்கிறது என்று ஊகிக்க நியாயம் இருக்கிறது. அதுவும் வேலைக்கு விண்ணப்பிக்கிற இடத்தில்.

சொல்வதையும் செய்வதையும் ஒப்பிட்டால் இடைவெளி இன்னும் தெளிவாகும். சாரா ரைன்ஸ், பேரி ஜெர்ஹார்ட், கேத்லீன் மினெட் மூவரும் 2004இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைத்தான் விவாதிக்கிறது: நேரடியாகக் கேட்கும்போது மக்கள் சம்பளத்தின் முக்கியத்துவத்தைக் குறைத்துச் சொல்கிறார்கள், உண்மையான தேர்வுகளில் அது அதைவிடக் கூடுதலாக எடை பெறுகிறது. எட்வின் லாக்கும் கூட்டாளிகளும் 1980இல் தொகுத்த கள ஆய்வுகளில், உற்பத்திக்கேற்ற ஊதியம் உற்பத்தியை நடுமதிப்பாக 30 சதவீதம் உயர்த்தியிருந்தது. முடிவெடுப்பதில் ஊழியர்களைச் சேர்த்துக்கொண்டதால் வந்த உயர்வு 1 சதவீதத்துக்கும் குறைவு. வாயால் போடும் வரிசையைப் பார்த்தவர் யாரும் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ஆனால் 'செயல்தான் உண்மை, சொல் பொய்' என்று முடித்துவிடவும் முடியாது. ட்வெர்ஸ்கியும் டேல் கிரிஃபினும் 1991இல் இரண்டு வேலைகளை வைத்துக் கேட்டார்கள். முதல் வேலையில் ஆண்டுக்கு 35,000 டாலர். அதே தகுதியுள்ள சக ஊழியர்களுக்கு 38,000. இரண்டாவதில் 33,000, சக ஊழியர்களுக்கு 30,000. எதைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று ஒரு குழுவிடம் கேட்டபோது 84 சதவீதம் பேர் முதலாவதை எடுத்தார்கள். எதில் மகிழ்ச்சியாக இருப்பீர்கள் என்று இன்னொரு குழுவிடம் கேட்டபோது 62 சதவீதம் பேர் இரண்டாவதைச் சொன்னார்கள். தேர்ந்தெடுக்கும் நேரத்தில் தொகை முன்னால் நிற்கிறது. தினம் தினம் போய் உட்காரும் வாழ்க்கையை நினைக்கும்போது பக்கத்து மேசைக்காரரின் சம்பளம் உறுத்துகிறது. இரண்டும் அந்த மனிதர்களின் உண்மையான விருப்பங்கள்தான். அதனால்தான் வேலைக்குச் சேர்வதற்கான காரணத்தையும் வேலையில் நீடிப்பதற்கான காரணத்தையும் ஒரே பட்டியலில் அளக்க முடிவதில்லை.

வரிசையை எண்ணாக்கிப் பெருக்கலாமா?

சரி, ஒருவரின் வரிசை முரணில்லாமலே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வ்ரூமின் பெருக்கலுக்கு அது போதாது. பெருக்க வேண்டுமானால் அளவுகோலில் சுழியம் எங்கே என்று தெரிய வேண்டும்.

ஒருவருக்கு முன் இரண்டு வழிகள். முன்பு சொன்ன இரண்டு நம்பிக்கைகளையும் பெருக்கிப் பார்த்தால், முதல் வழியின் பலன் கிடைக்க 0.9 வாய்ப்பு, இரண்டாவதில் 0.5. ஈர்ப்பு மதிப்பை −3 முதல் +3 வரை அளக்கிறோம். முதல் பலனுக்கு 1, இரண்டாவதற்கு 2 போடுகிறார். பெருக்கினால் 0.9, 1.0. இரண்டாவது வழிதான் அவரை இழுக்கும் என்கிறது கோட்பாடு. இப்போது கேள்வித்தாளில் அதே ஏழு கட்டங்களுக்கு 1 முதல் 7 வரை எண் அச்சிடுகிறோம். அவர் அதே கட்டங்களில்தான் குறிக்கிறார். எண்கள் மட்டும் 5, 6 ஆகின்றன. பெருக்கினால் 4.5, 3.0. முதல் வழி வென்றுவிட்டது!

ஆளும் மாறவில்லை, விருப்பமும் மாறவில்லை, வரிசையும் மாறவில்லை. கட்டத்தில் அச்சான எண் மாறியதால் கோட்பாட்டின் கணிப்பு தலைகீழானது. ஃபிராங்க் ஷ்மிட் 1973இலேயே இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டினார்.

கூட்டத்தின் வரிசை யாருடையது?

தனி ஆளின் வரிசையைக் கூட்டிச் சராசரி எடுக்கும்போது இன்னொரு சிக்கல். மூன்று ஊழியர்கள் இருக்கிறார்கள்:

1. முதலாமவர்: சம்பளம், பாதுகாப்பு, வேலைநேரம்.
2. இரண்டாமவர்: பாதுகாப்பு, வேலைநேரம், சம்பளம்.
3. மூன்றாமவர்: வேலைநேரம், சம்பளம், பாதுகாப்பு.

மூவரிடமும் துளி முரண் இல்லை. ஆனால் பெரும்பான்மை பார்த்தால், பாதுகாப்பைவிடச் சம்பளம் மேல் (இருவர்), வேலைநேரத்தைவிடப் பாதுகாப்பு மேல் (இருவர்), சம்பளத்தைவிட வேலைநேரம் மேல் (இருவர்). கூட்டம் வட்டமடிக்கிறது. பிரெஞ்சுக் கணித அறிஞர் கொந்தோர்சே 1785இல் வாக்கெடுப்புகளைப் பற்றிச் சொன்ன அதே புதிர். சராசரி இடத்தைக் கணக்கிட்டாலோ மூன்றுக்கும் 2 என்று வந்து, 'எல்லாம் சமமாக முக்கியம்' என்ற தலைப்பு கிடைக்கும். மூவரில் ஒருவர்கூட அப்படி நினைக்கவில்லை.

எங்கே நம்பலாம், எங்கே கூடாது

வ்ரூமின் கோட்பாடு ஒரு மனிதர் தன் முன் இருக்கும் வழிகளில் எதைத் தேர்வார் என்பதைப் பற்றியது. இவரையும் அவரையும் ஒப்பிட்டு யாருக்கு ஊக்கம் அதிகம் என்று சொல்வதற்காக அது எழுதப்படவில்லை. பல ஆய்வுகள் அதை இரண்டாவது வழியில்தான் சோதித்தன. வெண்டலின் வான் எர்டேயும் ஹெங்க் தியெரியும் 1996இல் 77 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரே ஆளுக்குள் ஒப்பிட்ட ஆய்வுகளில்தான் கணிப்பு கூடுதலாகப் பொருந்தியது. இது எதிர்பார்க்க வேண்டியதுதான். ஒருவர் போடும் 5க்கும் இன்னொருவர் போடும் 5க்கும் பொதுவான அளவு கிடையாது.

எனவே அடுத்த முறை இப்படி ஒரு தரவரிசையைப் பார்க்கும்போது இவற்றைக் கேட்டுப் பாருங்கள்:

1. வரிசைப்படுத்தச் சொன்னார்களா, இரண்டிரண்டாகக் கேட்டார்களா, முழு வேலைகளைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொன்னார்களா? கடைசி வகைக்கு அதிக எடை கொடுக்கலாம்.
2. யார் கேட்டது? வேலை கொடுப்பவர் கேட்கும்போது பணம் பின்னுக்குப் போகும் வாய்ப்பு அதிகம்.
3. எவ்வளவு சம்பளம், எவ்வளவு பாதுகாப்பு என்று சொன்னார்களா? அளவு சொல்லாமல் 'சம்பளமா, பாதுகாப்பா' என்று கேட்டால், ஒவ்வொருவரும் தன் மனத்தில் ஓர் அளவை நினைத்துக்கொண்டு பதில் சொல்வார். போதுமான சம்பளம் வாங்குகிறவரும் வாங்காதவரும் அந்தச் சொல்லை ஒரே பொருளில் எடுத்துக்கொள்வதில்லை.
4. முதல் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் இடையே வித்தியாசம் எவ்வளவு? அதைச் சொல்லாத பட்டியலில், ஒரு மயிரிழை இடைவெளியும் பெரிய பள்ளமும் ஒரே மாதிரிதான் தெரியும்.
5. சேர்வதைப் பற்றிய கேள்வியா, நீடிப்பதைப் பற்றியதா, திருப்தியைப் பற்றியதா? முரண்படுவதுபோல் தெரியும் இரண்டு கணிப்புகளில் ஒன்று முதலாவதையும் மற்றது மூன்றாவதையும் கேட்டிருந்தால், இரண்டையும் அப்படியே ஏற்றுக்கொள்வதில் தடையில்லை.